கட்டு ஒட்டுகிறது, ரத்தம் வருகிறது: தீக்காயத்துக்கு வீட்டில் கட்டு மாற்றும்போது

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. நீரிழிவு உண்டு. ஆறு நாட்களுக்கு முன் கொதித்த தண்ணீர் கவிழ்ந்து வலது புறங்கையும் முன்கையும் வெந்துவிட்டன. அன்றே மருத்துவமனையில் கொப்புளத் தோலை எடுத்துவிட்டு, சில்வர் சல்ஃபாடயசின் கிரீம் தடவிக் கட்டினார்கள். தினமும் வீட்டிலேயே மாற்றச் சொன்னார்கள், நான்தான் மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் துணி ஒட்டிக்கொண்டு ரத்தம் வருகிறது. வலியில் அம்மா அழுதுவிடுகிறார். நேற்றிலிருந்து காயத்தின் மேல் மஞ்சளாக ஒரு படலம் தெரிகிறது. அது சீழா? கட்டைக் கழற்றிக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்கிறார் பெரியம்மா. அம்மா விரல்களை அசைக்கவே பயப்படுகிறார். நான் என்ன தவறு செய்கிறேன்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன் ஒன்று. காயம் கையில் இருக்கிறது, அம்மாவுக்கு நீரிழிவும் இருக்கிறது. கை, முகம், பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டுகள் ஆகிய இடங்களில் பட்ட தீக்காயம் அளவில் சிறியதாக இருந்தாலும் தீக்காயச் சிகிச்சையில் பழகிய மருத்துவர் பார்க்க வேண்டும். நீரிழிவு இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. தினமும் நீங்கள் கட்டு மாற்றலாம். ஆனால் கட்டு போட்டவர்கள் இந்த ஆறு நாளில் ஒரு முறைகூடக் காயத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றால், நாளைக்கே கூட்டிப்போங்கள்.

இனி ரத்தம். பயந்துகொண்டே செய்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தவறு உங்கள் கையில் இல்லை, துணி காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். மேலோட்டமான தீக்காயத்தில் புதுத் தோல் விளிம்பிலிருந்து மட்டும் வளர்வதில்லை. காயத்தின் நடுவே பிழைத்திருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் புள்ளி புள்ளியாக முளைத்துப் பரவும். முதல் சில நாட்களில் அது ஈரத்தாள் போல மெல்லியது. வெறும் காஸ் துணி காயத்தின் நீரை உறிஞ்சி, உலர்ந்து, அந்தத் தோலோடு பசை போட்டது போலப் பிடித்துக்கொள்ளும். அதை உரித்தால் நேற்று வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். தீக்காயக் கட்டில் பெரும்பாலான சேதம் கட்டைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. அதனால் எப்படிப் போடுவது என்பதைவிட எப்படி எடுப்பது என்பதை முதலில் சொல்கிறேன்.

கட்டு பிரிப்பதற்கு 45 நிமிடம் முன்பே வலி மாத்திரை கொடுத்துவிடுங்கள். பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம் வரை. 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மிகவும் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவான அளவை மருத்துவர் சொல்வார். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை அம்மாவுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். நீரிழிவோடு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் அது கெடுதல் செய்யும். வலி தொடங்கிய பிறகு கொடுக்கும் மாத்திரைக்கும் முன்கூட்டியே கொடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை முதல் நாளே பார்ப்பீர்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். திறந்த காயத்தில் காற்று படுவதே தனி வலி. புதுக் கட்டுக்கு வேண்டியதையெல்லாம் பழைய கட்டைத் தொடும் முன்பே எடுத்து வையுங்கள்: வெட்டி வைத்த காஸ், கிரீம், பேண்டேஜ், டேப், கையுறை, சுத்தமான கத்தரிக்கோல். காயத்தைத் திறந்து போட்டுவிட்டு காஸ் தேடி அலமாரிக்குப் போவதில்தான் பல வீடுகளில் கை அசுத்தமாகிறது. அம்மாவின் மோதிரமும் வளையலும் இன்னும் அந்தக் கையில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

வெளிப் பேண்டேஜை இழுத்துச் சுற்றிப் பிரிக்காமல், காயமில்லாத பக்கமாக வெட்டி எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காஸின் மேல், கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். 10 முதல் 15 நிமிடம். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். பாத்திரத்தில் கையை முக்கி வைக்க வேண்டாம். ஒரு மூலையில் கிருமி இருந்தால் முழுக் காயத்துக்கும் அந்தத் தண்ணீரே பரப்பிவிடும். காஸ் ஊறியதும் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, மேல்நோக்கித் தூக்காமல், தோலோடு படுத்தவாக்கில் மடித்து மடித்துப் பின்னால் உருட்டுங்கள். இன்னொரு கையால் பக்கத்துத் தோலை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் இழுப்பு குறையும். அம்மாவையே காஸின் ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தன் கையால் எடுக்கும்போது வலி தாங்கக்கூடியதாக இருப்பதாகப் பலரும் சொல்வார்கள்.

எவ்வளவு நனைத்தும் ஒரு நாணய அளவுக்கு விடாமல் பிடித்திருக்கிறதா? அந்த இடத்தில் வாடையோ சீழோ இல்லையென்றால், சுற்றியுள்ள துணியை மட்டும் வெட்டிவிட்டு அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். கீழே தோல் மூடியதும் தானே உதிரும். உரித்து எடுத்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பிறகு கழுவுதல். வாசனை இல்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஈரமான காஸால் லேசாகத் தேய்த்து, முந்தின நாள் கிரீமை முழுவதும் எடுக்க வேண்டும். பழைய கிரீமின் மேலேயே புது கிரீமைப் பூசிக்கொண்டு போனால் காயத்தை யாராலும் பார்க்க முடியாது, மருந்தும் சதையைத் தொடாது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, அடர்த்தியான அயோடின் கரைசல் எதுவும் வேண்டாம். அவை கிருமியைக் கொல்லும்போதே புதுத் தோல் செல்களையும் கொல்லும்.

மஞ்சள் படலத்துக்கு வருகிறேன். மூன்று விஷயங்கள் மஞ்சளாகத் தெரியும், மூன்றுக்கும் பொருள் வேறு வேறு. முதலாவது, இந்த கிரீமும் காயத்தின் நீரும் கலந்து உருவாகும் மஞ்சள் சாம்பல் நிறக் கொழகொழப்பான ஏடு. வாடை இருக்காது, கழுவும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும், கீழே ரோஜா நிறம் தெரியும். சில்வர் சல்ஃபாடயசின் போடும் காயங்களில் இது மிகவும் சாதாரணம். சீழ் என்று பயந்து வருபவர்களில் நிறையப் பேர் கொண்டுவருவது இதைத்தான். இரண்டாவது, இறந்த திசு. கழுவினாலும் போகாமல் அடியோடு ஒட்டியிருக்கும். வீட்டில் சுரண்டக் கூடாது. காயம் நினைத்ததைவிட ஆழம் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதுதான் சீழ். அது தனியாக வராது. நாற்றம், பச்சை கலந்த நிறம், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, வீக்கம், நாளாக நாளாகக் குறைய வேண்டிய வலி கூடுவது என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். கட்டில் நீலப்பச்சைக் கறையும் ஒருவித இனிப்பு வாடையும் இருந்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி. அன்றைக்கே காட்ட வேண்டும்.

சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் வந்தால், அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் அம்மாவிடம் இன்னொரு சிக்கல்: நீண்ட நாள் நீரிழிவில் நரம்பு மரத்திருந்தால், கிருமி பரவினாலும் வலி தெரியாமல் போகலாம். உணவும் மருந்தும் மாறாமலிருந்தும் ரத்தச் சர்க்கரை திடீரென்று ஏறினால் அதையும் காயத்தின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா சொல்வதில் அக்கறை இருக்கிறது, ஆனால் கேட்காதீர்கள். காய விட்டால் ஆறும் என்ற எண்ணத்தை 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையே மாற்றிவிட்டது. மூடி ஈரமாக வைத்த காயங்களில், திறந்து காயவிட்டவற்றைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. காரணம் எளிது. பொருக்கு தட்டினால் புது செல்கள் அதன் மேல் நகர முடியாது, அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கும். ஈரமான பரப்பில் நேராக நகரும். காற்றாட விடுவது முகத்துக்கும் இடுப்புக்குக் கீழ் மறைவிடத்துக்கும்தான் பொருந்தும், ஏனென்றால் அங்கே கட்டு நிற்காது. அங்கேகூட காயவிடுவதில்லை. பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகப் பூசி, ஒரு நாளில் பல முறை புதுப்பிப்போம்.

ஈரம் என்றால் நசநசப்பு அல்ல. கட்டின் வெளிப்பக்கம்வரை நீர் ஊறித் தெரிந்தால், அந்த ஈரத்தின் வழியாகவே வெளிக்கிருமி உள்ளே போகும். அப்போது நேரம் பார்க்காமல் மாற்ற வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், உறிஞ்சும் காஸ் போதவில்லை என்று பொருள்.

இப்போது கட்டு போடுவது. கிரீமைக் காயத்தில் நேராகத் தேய்க்காமல் காஸில் தடவி, அந்த காஸைக் காயத்தின் மேல் வையுங்கள். தடிமன் ஏறத்தாழ 2 மி.மீ. காஸின் கண்கள் தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும். நீங்கள் மெல்லிசாகப் பூசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒட்டுவதற்கு அதுதான் முதல் காரணம். அதன் மேல் உலர்ந்த காஸ் நாலைந்து மடிப்பு, அதற்கும் மேல் பேண்டேஜ். எல்லா அடுக்கும் காயத்தின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 செ.மீ. இருக்கட்டும். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், அதன் இழைகள் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டவே கூடாது. தோல் இழந்த இரண்டு விரல்கள் உரசிக்கொண்டு கிடந்தால் இடையில் புதுத் தோல் பாலம் போட்டு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக காஸ், விரலிடுக்குகளில் ஒரு துண்டு, கட்டைவிரல் விரிந்து நிற்கும்படி இடம். விரலைச் சுற்றி காஸையோ டேப்பையோ முழு வளையமாக இறுக்கிச் சுற்றாமல், நீளவாக்கில் வைத்து மேலே தளர்வாகச் சுற்றுங்கள். வீக்கம் வந்தால் முழு வளையம் கயிறு போல நெரிக்கும். பேண்டேஜ் விரல் பக்கத்திலிருந்து தொடங்கி முழங்கை நோக்கி ஏற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கம் முழுவதும் விரல்களில் தேங்கும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டி முடித்ததும் ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நுனி நீலமாகவோ சில்லென்றோ மரத்தோ இருந்தால் உடனே தளர்த்துங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இந்த கிரீமுக்கு ஒரு குறை உண்டு. ஒரு நாளுக்குள் அதன் வேலை முடிந்துவிடுவதால் தினமும், சில சமயம் இரு வேளையும் மாற்ற வேண்டும். அத்தனை முறை காயத்தைத் தொந்தரவு செய்வதும், கிரீமே தோல் வளர்ச்சியை ஓரளவு தாமதப்படுத்துவதும் சேர்ந்து, மேலோட்டமான சுத்தமான காயத்துக்கு இது நல்ல தேர்வு அல்ல என்பது என் கருத்து. கிருமி பயம் உள்ள ஆழமான காயத்தில் அதற்கு இடம் உண்டு. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் இவர்களுக்குப் போடவே கூடாது. அம்மாவுக்கு சல்ஃபா மாத்திரையால் எப்போதாவது தடிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: காயம் சுத்தமாக இருந்தால் பாரபின் காஸுக்கோ (மெழுகுப் பசை தோய்த்த வலைத்துணி), சிலிகான் பூச்சுள்ள தகட்டுக்கோ, மெல்ல மெல்ல வெள்ளி வெளியிடும் தகட்டுக்கோ மாறலாமா? பாரபின் காஸ் என்றால் இரண்டு அடுக்கு போதும். நாலைந்து போட்டால் மெழுகு அடைத்துக்கொண்டு நீர் மேலே ஏறாமல் தோல் ஊறிப்போகும். சாதாரணமாக இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். வெள்ளித் தகடுகள் வகையைப் பொறுத்து 3 முதல் 7 நாள்வரை நிற்கும். சில வகைகளை நனைத்துப் போட வேண்டும். அதற்குச் சுத்திகரித்த நீர்தான், சலைன் (உப்புநீர்) கூடாது. சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வீணாக்கிவிடும். கொலாஜன் என்ற புரதத்தால் செய்த தகடு ஒட்டினால் அதை உரிக்கவே கூடாது. காய்ந்து ஓரம் ஓரமாகத் தானே பெயரும், நீங்கள் பெயர்ந்த ஓரத்தை மட்டும் வெட்டலாம். அதன் அடியில் நீர் தேங்கி மிதந்தால் மட்டும் காட்டுங்கள்.

அடுத்தது ஆழம். 1953-இல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் விளக்கியது போல, வெந்துபோன மையத்தைச் சுற்றி ரத்த ஓட்டம் தடுமாறும் ஒரு வளையம் இருக்கும். அது பிழைக்குமா சாகுமா என்பது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் தீர்மானமாகும். முதல் நாள் மேலோட்டம் என்று சொன்ன காயம் நான்காம் நாள் ஆழமாகத் தெரிவது அதனால்தான், யாரும் ஏமாற்றவில்லை. கழுவியபின் பாருங்கள். ரோஜா நிறம், பளபளப்பான ஈரம், விரலால் அழுத்தினால் வெளுத்து உடனே சிவப்பது, தொட்டால் நல்ல வலி என்றால் இரண்டு வாரத்துக்குள் மூட வாய்ப்பு அதிகம். திட்டுத் திட்டாக அடர் சிவப்பும் வெளுப்பும், நிறம் திரும்பத் தாமதம், உணர்ச்சி குறைவு என்றால் ஆழம். வெள்ளையாகத் தோல்பட்டை போல, தொட்டாலும் வலிக்காமல் இருந்தால் முழு ஆழம், அதாவது தோலின் முழுத் தடிமனும் வெந்துவிட்டது. வலி இல்லை என்று நிம்மதியடையும் இடம் அதுவல்ல. அம்மாவுக்கு நரம்பு மரத்திருந்தால் வலியை வைத்து முடிவு செய்யாமல் நிறத்தையும் ஈரத்தையும் நம்புங்கள். 10 முதல் 14 நாளுக்குள் காயம் தெளிவாகச் சுருங்கவில்லை என்றால், தோல் ஒட்டு (வேறு இடத்துத் தோலை எடுத்து வைப்பது) தேவையா என்ற பேச்சை அப்போதே தொடங்க வேண்டும். மூன்று வாரத்தைத் தாண்டி ஆறும் காயம் தடித்த தழும்பாகவும், கையில் என்றால் தோல் சுருங்கி மூட்டை மடக்கி இழுப்பதாகவும் மாறும் அபாயம் மிக அதிகம்.

விரல்களை அசைக்காமல் வைத்திருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. தோல் ஆறிவிடும், விறைத்த மூட்டைத் திருப்புவது கடினம். கட்டைப் பிரித்து, கழுவி, புதுக் கட்டு போடும் முன் உள்ள சில நிமிடங்கள்தான் பயிற்சிக்கு உகந்த நேரம். மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், பத்து முறை. கட்டுப் போட்டபின் பகலில் சில தடவை முடிந்தவரை அசைக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: விரலின் நடு மூட்டு மேல் காயம் வெள்ளையாகவோ ஆழமாகவோ தெரிந்தால், மருத்துவர் பார்க்கும்வரை இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லாதீர்கள். அங்கே தசைநாண் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, அறுந்துவிடக்கூடும்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் கை இதயத்தைவிட உயரத்தில் தலையணை மேல் இருக்கட்டும். கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டு நாள் முழுவதும் மடக்கி வைப்பது வேண்டாம். புறங்கைக் காயம் கையைப் பறவையின் நகம் போல வளைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க இரவில் அச்சுப்பட்டை (ஸ்பிளின்ட்) தருவார்கள்: மணிக்கட்டு 20 முதல் 30 பாகை பின்னோக்கி, விரல்கணு மூட்டுகள் 70 முதல் 90 பாகை மடங்கி, விரல்கள் நேராக. இயன்முறை மருத்துவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தராவிட்டாலும்.

சிறு சிறு விஷயங்கள் சில. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலோ, எப்போது போட்டது என்றே தெரியாவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிருமி இல்லாத காயத்துக்கு முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. கேட்டு வாங்காதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கிரீமைவிடப் பெரிய மருந்து. சர்க்கரை என்று பயந்து சாப்பாட்டையே குறைத்துவிட்டால் புரதம் போதாமல் காயம் நிற்கும் இடத்திலேயே நிற்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

மூடிய பிறகு அந்தத் தோல் வறண்டு அரிக்கும், எண்ணெய்ச் சுரப்பிகள் அடிபட்டிருப்பதால். வாசனையில்லாத ஈரப்பத கிரீமை ஒரு நாளில் மூன்று நான்கு முறை தேயுங்கள். சொறிந்தால் புதுத் தோல் கொப்புளிக்கும். ஓராண்டுவரை வெயில் படாமல் மூடி வையுங்கள், இல்லையென்றால் நிறம் திட்டாக நின்றுவிடும். ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் சிலிகான் தகடும் அழுத்தக் கையுறையும் தேவைப்படலாம். அந்தக் கையுறையை நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், கழுவவும் எண்ணெய் தேய்க்கவும் மட்டும் கழற்றலாம்.

38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு, கோட்டைத் தாண்டும் சிவப்பு, முன்கையில் மேலேறும் சிவப்புக் கோடு, பச்சைக் கறை, ரோஜா நிறத்தில் இருந்த இடம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறுவது, தளர்த்திய பிறகும் விரல் நுனி நீலமாகவே இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

நாளை காலை கட்டு பிரித்துக் கழுவியதும், புது கிரீம் வைக்கும் முன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். தினமும் அதே இடத்தில், அதே தூரத்தில் எடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது காயம் நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறது என்பதைத்தான்.